2012 மேக்புக் புரோவில் சோனோமா: ஆதரவு நின்ற கணினியில் புதிய இயங்குதளம் – ஒரு நிகழ்வு ஆய்வு

அக்காவின் மேக்புக் புரோ 2013இல் வாங்கியது. 2012 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட 13 அங்குல மாடல். சிடி போடும் டிரைவ் உண்டு, லேன் கேபிள் செருக இடம் உண்டு, அடிமூடியின் 10 திருகுகளைக் கழற்றினால் ரேமையும் டிஸ்கையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். 2016 அக்டோபர் வரை விற்பனையில் இருந்தது. உள்ளே இன்டெலின் மூன்றாம் தலைமுறை ஐ5, அதாவது ஐவி பிரிட்ஜ். கிராஃபிக்ஸ் அந்தச் சிப்பிலேயே இருக்கும் எச்டி 4000. வாங்கும்போது 4 ஜிபி ரேம், 500 ஜிபி சுழலும் டிஸ்க்.

அக்கா மொழிபெயர்ப்பாளர். திருச்சியில் வீட்டிலிருந்தே வேலை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது அந்த விசைப்பலகையில் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வார். அதன் விசைகள் விரலுக்குப் பழகிப்போனவை. புதிய லேப்டாப் வாங்கிக்கொள் என்று நான் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான்: "மெஷின் நல்லாத்தானே இருக்கு தம்பி, எதுக்குப் புதுசு?"

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஆப்பிள் தந்த கடைசி இயங்குதளம் 2019இல் வந்த கேட்டலீனா. 2020 நவம்பரில் அடுத்த பதிப்பான பிக் சர் வந்தபோது, அது ஓடும் மேக்புக் புரோக்களின் பட்டியல் 2013 இறுதியில் வந்த மாடலிலிருந்து தொடங்கியது. அக்காவின் மாடல் அதில் இல்லை. கேட்டலீனாவுக்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2022 ஜூலையோடு நின்றுவிட்டன. மின்னஞ்சல், வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகள், பிரவுசர் என்று முழுநேரமும் இணையத்தில் இருக்கும் கணினி இது. ஓட்டை அடைக்க ஆளில்லாத இயங்குதளத்தில் அதைத் தொடர்ந்து ஓட்டுவது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

2022 அக்டோபரில் அதில் பிக் சருக்கு அடுத்த பதிப்பான மான்டெரே போட்டேன். 2024 டிசம்பரில் சோனோமாவுக்கு மாற்றினேன். இரண்டும் இந்த மாடலுக்கு அதிகாரபூர்வமாகக் கிடையாது. இந்த மூன்று வருடத்தில் நடந்ததையும், ஒவ்வொன்றும் ஏன் அப்படி நடந்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். ஏன் என்று தெரியாமல் செய்முறையை மட்டும் பார்த்துப் போட்டவர்கள், முதல் அப்டேட்டிலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுப்பு எங்கிருந்து வருகிறது

'இந்தக் கணினியில் நிறுவ முடியாது' என்று திரையில் வரும் செய்தி ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் மூன்று வகை. எனக்கு இது புரிந்த பிறகுதான் வேலை எளிதானது.

முதல் வகை வெறும் பட்டியல். இன்ஸ்டாலர் கணினியின் அடையாள எண்ணைப் பார்க்கிறது, தன் பட்டியலில் தேடுகிறது, இல்லையென்றால் நின்றுவிடுகிறது. வன்பொருளுக்கு அந்த இயங்குதளத்தை ஓட்டும் வலு இருக்கிறதா என்பதை அது பார்ப்பதில்லை. பிக் சர் விஷயத்தில் அக்காவின் கணினிக்கு இருந்தது பெரும்பாலும் இந்தத் தடைதான். எச்டி 4000க்கான டிரைவர் பிக் சருக்குள்ளேயே இருந்தது. பட்டியலைத் தாண்டிவிட்டால் கிராஃபிக்ஸ் தானாக ஓடும்.

இரண்டாம் வகை, டிரைவரையே எடுத்துவிடுவது. ஒரு சிப்பைப் பயன்படுத்தும் கடைசிக் கணினி பட்டியலிலிருந்து போனதும், அந்தச் சிப்பின் டிரைவரை இயங்குதளத்தில் வைத்திருக்கத் தேவையில்லாமல் போகிறது. 2021இல் வந்த மான்டெரேயின் பட்டியலில் எச்டி 4000 உள்ள கணினி ஒன்றுகூட இல்லை, டிரைவரும் போய்விட்டது. 2023இல் வந்த சோனோமாவில் இதே கதி பழைய வைஃபை சிப்புகளுக்கு. இங்கே பட்டியலை ஏமாற்றினால் போதாது. இல்லாத டிரைவரை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

மூன்றாம் வகைதான் கடினம். இயங்குதளத்தின் நிரல்களே பிராசசருக்குத் தெரியாத கட்டளைகளைக் கொண்டு எழுதப்பட்டிருக்கும். 2022இல் வந்த வென்ச்சுராவிலிருந்து இன்டெல் மேக்குகளுக்கான நிரல் தொகுப்பு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கிறது. அது இன்டெலில் 2013இல் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்தது. ஐவி பிரிட்ஜில் கிடையாது. மான்டெரே வரை இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், உருளை வடிவில் வந்த 2013 மேக் புரோ. அதில் இருந்ததும் ஐவி பிரிட்ஜ் குடும்பத்து சியான் பிராசசர்தான். அது பட்டியலில் இருந்தவரை ஏவிஎக்ஸ்2 இல்லாமலும் ஓட வேண்டிய கட்டாயம் ஆப்பிளுக்கு இருந்தது. வென்ச்சுராவில் அந்த மேக் புரோ பட்டியலிலிருந்து போனது, கட்டாயமும் போனது. நம் வீட்டு 13 அங்குல லேப்டாப்பின் ஆயுளை யாரோ ஒரு ஸ்டுடியோவில் இருந்த விலை உயர்ந்த கணினி ஒரு வருடம் நீட்டித்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

விண்டோஸ் உலகிலும் இதே மூன்று வகை உண்டு. விண்டோஸ் 11 கேட்கும் எட்டாம் தலைமுறை இன்டெல், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் ஆகியவை பெரும்பாலும் பட்டியல் வகை. சோதனையைத் தாண்டிவிட்டால் ஏழாம் தலைமுறைக் கணினியும் அதை ஓட்டும். ஆனால் 2024இல் வந்த 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ4.2 கட்டளைகளை எதிர்பார்ப்பதால், பழைய கோர் 2 கணினிகளில் அது பூட்டே ஆகாது. அங்கே தடை பிராசசருக்குள் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, நம் கணினிக்கு எந்தப் பதிப்பில் எந்த வகைத் தடை என்று பார்ப்பது. அக்காவின் கணினிக்கு நான் ஒரு தாளில் எழுதி வைத்தது இது: பிக் சரில் பட்டியல், மான்டெரேயில் கூடவே கிராஃபிக்ஸ், வென்ச்சுராவில் கூடவே பிராசசர், சோனோமாவில் எல்லாவற்றோடும் வைஃபை. படி ஏற ஏறச் சுமை கூடுகிறது. 2022இல் மான்டெரேயோடு நின்றது அதனால்தான்.

பேட்சர் என்ன செய்கிறது

இந்தத் தடைகளைத் தாண்ட நான் பயன்படுத்திய கருவியின் பெயர் ஓப்பன்கோர் லெகசி பேட்சர். டார்டேனியா என்ற தன்னார்வக் குழு செய்தது, இலவசம், மூலநிரல் திறந்தது. அதன் அடித்தளமான ஓப்பன்கோர் ஒரு பூட்லோடர், அதாவது கணினியை ஆன் செய்ததும் இயங்குதளத்தை எழுப்பிவிடும் நிரல். அசிடான்தெரா என்ற குழு, ஆப்பிள் அல்லாத கணினிகளில் மேக்ஓஎஸ் ஓட்டுபவர்களுக்காக அதை எழுதியது. அதையே ஆப்பிளின் சொந்தப் பழைய கணினிகளுக்குத் திருப்பியதுதான் டார்டேனியாவின் யோசனை.

அதற்கு முன்பு இருந்த பேட்சர்கள் இன்ஸ்டாலரையே வெட்டி ஒட்டித் திருத்தின. ஓப்பன்கோர் வழி வேறு. டிஸ்கில் இஎஃப்ஐ என்று 200 எம்பி அளவில் ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். ஓப்பன்கோர் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. கணினியை ஆன் செய்ததும் முதலில் அது எழுந்து, மேக்ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னல் நினைவகத்தில் ஏறும்போதே தேவையான திருத்தங்களைச் செய்து, கூடுதல் டிரைவர்களைச் செருகிவிட்டு விலகிக்கொள்கிறது. டிஸ்கில் உள்ள இயங்குதளக் கோப்புகள் தொடப்படுவதில்லை. பட்டியல் வகைத் தடைக்கு இதுவே போதும்.

பட்டியலைத் தாண்டும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மெய்நிகர் கணினிக்குள், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குள், மேக்ஓஎஸ் ஓடுவதை ஆப்பிள் அனுமதிக்கிறது. அங்கே மாடல் பட்டியல் சோதனை கிடையாது. ஆகவே ஓப்பன்கோர், 'நான் மெய்நிகர் கணினிக்குள் இருக்கிறேன்' என்ற ஒரே ஒரு அடையாளத்தை, கேட்கும் இடத்தில் மட்டும் காட்டுகிறது. இன்ஸ்டாலர் வழிவிடுகிறது. அப்டேட் சர்வரும் அப்டேட் தருகிறது. கணினியின் உண்மையான மாடல் பெயரையோ சீரியல் எண்ணையோ மாற்ற வேண்டியதில்லை.

டிரைவரே இல்லாத இரண்டாம் வகைக்கு இது போதாது. கிராஃபிக்ஸ் டிரைவரோடு சேர்ந்து வரும் நிரல் தொகுப்புகளை டிஸ்கில் உள்ள இயங்குதளத்துக்குள்ளேயே வைத்தாக வேண்டும். இதைத்தான் ரூட் பேட்ச் என்கிறார்கள். பிக் சரிலிருந்து ஆப்பிள் இயங்குதளம் இருக்கும் பகுதியை முத்திரையிட்டு வைக்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. ரூட் பேட்ச் செய்தால் அந்த முத்திரை உடையும். அதை அனுமதிக்க எஸ்ஐபி என்ற பாதுகாப்பையும் ஓரளவு தளர்த்த வேண்டும். பின்னால் வரும் தொல்லைகள் எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்து கிளம்புபவை. ஆதரவில்லாத கணினியில் போடலாமா என்று யோசிப்பவர்கள் நிதானமாக எடைபோட வேண்டியதும் இதைத்தான்.

2022: மான்டெரே

முதலில் வன்பொருள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டியும் இரண்டு 8 ஜிபி ரேமும் வாங்கினேன். இந்த மாடலுக்கு 8 ஜிபி வரைதான் என்று ஆப்பிளின் விவரக்குறிப்பு சொல்லும். 16 ஜிபி சிக்கலில்லாமல் ஓடுகிறது. சுழலும் டிஸ்கில் புதிய மேக்ஓஎஸ் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏபிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை எஸ்எஸ்டியை மனதில் வைத்து எழுதப்பட்டது. சுழலும் டிஸ்கில் அது இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய டிஸ்கை அப்படியே ஒரு உறைக்குள் போட்டு எடுத்துவைத்தேன். ஏதாவது தவறினால் திரும்பக் கேட்டலீனாவுக்குப் போக அதுதான் வழி.

பேட்சர் ஆப்பைத் திறந்தால் அதுவே ஆப்பிளின் சர்வரிலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி, பென்டிரைவில் எழுதித் தருகிறது. 12 ஜிபிக்கு மேல். எங்கே தடுமாறினேன் என்றால் இங்கேதான். வீட்டில் கிடந்த பழைய 16 ஜிபி பென்டிரைவில் எழுதினேன். எழுதி முடித்துச் சரிபார்க்கும் கட்டத்தில் பிழை. மீண்டும் இறக்கினேன், மீண்டும் பிழை. இரண்டாம் நாள் புதிய 32 ஜிபி பென்டிரைவ் வாங்கியதும் ஒரே முறையில் முடிந்தது. ஒன்றரை நாள் போனது. இப்போதெல்லாம் இந்த வேலைக்கு உட்காரும் முன் பென்டிரைவைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

பிறகு அதே பென்டிரைவில் ஓப்பன்கோரையும் எழுத வேண்டும். ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு கணினியை ஆன் செய்தால் 'இஎஃப்ஐ பூட்' என்று ஒரு படம் வரும். அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். ஓப்பன்கோர் வழியாகப் போகாமல் நேராக இன்ஸ்டாலரைத் தொட்டால், வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட தடைக்குறி வந்து நின்றுவிடும்.

நிறுவல் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. நடுவில் பல முறை ரீஸ்டார்ட் ஆனது. முடிந்து முகப்பு வந்ததும் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெனுவைத் திறந்தால் துண்டு துண்டாகத் திறக்கிறது. விண்டோவை நகர்த்தினால் பின்னாலேயே தேய்ந்துகொண்டு வருகிறது. அக்காவின் முகம் மாறிவிட்டது. "இதுக்குப் பழசே தேவலையேடா."

அந்த நிலை எதிர்பார்த்ததுதான். கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாததால் திரையில் வரும் ஒவ்வொரு புள்ளியையும் பிராசசரே வரைந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் 'புதிய ஓஎஸ் பழைய கணினிக்குத் தாங்காது' என்று முடிவு கட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். ஓப்பன்கோரைப் பென்டிரைவிலிருந்து உள் டிஸ்குக்கு எழுதிவிட்டு, ரூட் பேட்ச் பொத்தானை அழுத்தினேன். பிக் சர் காலத்து எச்டி 4000 டிரைவர்கள் உள்ளே போயின. ரீஸ்டார்ட். மெனு பளிச்சென்று திறந்தது. விண்டோ கையோடு நகர்ந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் டெக்ஸ்ட் எடிட்டைத் திறந்து தமிழ்99இல் ஒரு பத்தி அடித்துப் பார்த்தார். அஞ்சல், தமிழ்99 ஆகிய தட்டச்சு முறைகள் மேக்ஓஎஸ்ஸுடனேயே வருபவை, பேட்சருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அவருக்கு அதுதான் சோதனை.

அந்த இரவு அப்டேட்

இரண்டு மாதம் சிக்கலில்லை. ஒருநாள் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து ஃபோன். "தம்பி, மறுபடி அந்த முதல் நாள் மாதிரி ஆயிடுச்சு. எல்லாம் இழுக்குது. பத்து மணிக்கு ஃபைல் அனுப்பணும்."

தானியங்கி அப்டேட்டை நான் அணைத்து வைக்கவில்லை. என் கவனக்குறைவு. இரவு கணினி தானாக அப்டேட் போட்டுக்கொண்டது. ஒவ்வொரு அப்டேட்டும் இயங்குதளப் பகுதியை ஆப்பிளின் முத்திரையோடு புதிதாக எழுதிவிடும். அப்போது ரூட் பேட்ச் செய்தவை எல்லாம் அழிந்துபோகும். கோப்புகள் தனிப் பகுதியில் இருப்பதால் அவற்றுக்கு எதுவும் ஆகாது. கிராஃபிக்ஸ் மட்டும் பழைய நிலைக்குப் போய்விடும்.

ஃபோனிலேயே சொல்லிச் சொல்லி அக்காவைக் கொண்டே ரூட் பேட்ச் செய்ய வைத்தேன். ஆப்பைத் திற, இந்தப் பொத்தானை அழுத்து, பாஸ்வேர்டு கொடு, ரீஸ்டார்ட் செய். கால் மணி நேரத்தில் முடிந்தது. கோப்பும் நேரத்துக்குப் போனது. அன்று முதல் அப்டேட் எப்போது போடுவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்கிறோம். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம், டைம் மெஷினில் பேக்கப் எடுத்த பிறகு.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். முத்திரை உடைந்த கணினிக்குச் சின்ன அப்டேட் கிடைப்பதில்லை. மாறிய பகுதியை மட்டும் இறக்கும் வசதி முத்திரை சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். நமக்கு ஒவ்வொரு முறையும் முழு இயங்குதளமும் இறங்க வேண்டும், 12 ஜிபி அளவில். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் காலம் ஓட்டுபவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகு இரண்டு வருடம் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. கணினி ஓடியது, அக்கா வேலை செய்தார்.

2024: சோனோமா

2024 ஜூலைக்குப் பிறகு மான்டெரேக்குத் திருத்தங்கள் வரவில்லை. மறுபடி அதே கேள்வி. அந்தச் செப்டம்பரில் சோனோமாவுக்கு அடுத்த பதிப்பான சீக்வாயாவும் வந்திருந்தது. எதைப் போடுவது?

வென்ச்சுரா போட்டால் சுமை குறைவு, ஆனால் ஒரு வருடத்துக்குள் திரும்பவும் மாற்ற வேண்டியிருக்கும். சீக்வாயாவில் எச்டி 4000 போன்ற பழைய சிப்புகளுக்கு டிரைவரோடு கூடுதல் கிராஃபிக்ஸ் கோப்புகளும் தேவைப்பட்டன. பேட்சரில் அந்தப் பகுதி அப்போதுதான் எழுதப்பட்டிருந்தது. சம்பாத்தியத்துக்கு நம்பியிருக்கும் கணினியில் அதை முயன்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சோனோமாவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் வயதாகி, தெரிந்த கோளாறுகள் தெரிந்தவையாக இருந்தன. சரி, சோனோமா என்று முடிவு செய்தோம்.

ஏவிஎக்ஸ்2 சிக்கலைத் தாண்டிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள கணினிகளில் பழைய இன்டெல் ஆப்களை ஓட்ட ரொசெட்டா என்ற மொழிமாற்றி இருக்கிறது. சோனோமா காலத்து ரொசெட்டாவுக்கு ஏவிஎக்ஸ்2 தெரியாது. ஆகவே ஆப்பிள் ரொசெட்டாவுக்கென்று, ஏவிஎக்ஸ்2 கலக்காத இன்டெல் நிரல் தொகுப்பு ஒன்றை அதே இன்ஸ்டாலருக்குள் வைத்திருந்தது. இன்டெல் கணினிக்கான தொகுப்புக்குப் பதிலாக அந்தத் தொகுப்பை நிறுவ வைக்கிறது பேட்சரின் ஒரு சின்னத் துணைநிரல். 2020 முதல் வந்த கணினிகளுக்காக ஆப்பிள் எழுதி வைத்த ஒன்று, 2012இன் ஐவி பிரிட்ஜைக் காப்பாற்றுகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் செய்தவர்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வரிசையை இங்கே அழுத்திச் சொல்கிறேன். முதலில் பேட்சர் ஆப்பைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். அடுத்து அதைக் கொண்டு டிஸ்கில் உள்ள ஓப்பன்கோரைப் புதிதாக எழுதி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். அப்புறம்தான் இயங்குதளம். கடைசியில் ரூட் பேட்ச். பழைய ஓப்பன்கோருக்குப் புதிய சோனோமாவைப் பற்றித் தெரியாது. இயங்குதளத்தை முதலில் மாற்றிவிட்டால் பூட் ஆகாமல் நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

வைஃபை, எழுதி வைத்திருந்தபடியே, வரவில்லை. இந்தக் கணினியில் இருப்பது பிராட்காமின் பிசிஎம்4331 சிப். வென்ச்சுரா வரை ஓப்பன்கோர் பூட் ஆகும்போதே அதற்கான பழைய டிரைவரைச் செருகிவிடும். சோனோமாவில் அது போதாது, அதற்கும் ரூட் பேட்ச் வேண்டும். பேட்சருக்குத் தேவையான ஏதாவது இணையத்திலிருந்து இறங்க வேண்டுமென்றால் வைஃபை வேண்டும். வைஃபை வர பேட்ச் வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் சாவி இருப்பது போன்ற நிலை. நமக்கு இங்கே அந்தப் பழைய லேன் துளை கைகொடுத்தது. ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துச் செருகினேன், இணையம் வந்தது, பேட்ச் போட்டேன், ரீஸ்டார்ட் ஆனதும் வைஃபையும் வந்தது. அதே வருடம் வந்த ரெட்டினா மேக்புக் புரோவில் லேன் துளை கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் ஒரு அடாப்டரைக் கடன் வாங்கியாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

மான்டெரேயை விட சோனோமா கனம்தான். முதல் இரண்டு நாள் கோப்புகளை அட்டவணைப்படுத்திக்கொண்டே இருந்ததில் விசிறி ஓயவில்லை; மூன்றாம் நாள் அடங்கியது. வீடியோ அழைப்பில் இருந்துகொண்டே பத்துப் பன்னிரண்டு டேப் திறந்தால் சூடாகிறது. மொழிபெயர்ப்பு, பிடிஎஃப், மின்னஞ்சல் ஆகியவற்றில் அக்காவுக்கு வேறுபாடு தெரியவில்லை.

தடைக்குறி

2025இல் பேட்டரி வீங்கத் தொடங்கியதால் உள்ளூர்க் கடையில் மாற்றினோம். வாங்கி வந்து ஆன் செய்தால் வட்டத்துக்குள் கோடு. அக்காவுக்குப் பதற்றம். டிஸ்க் போய்விட்டதோ என்று நினைத்துவிட்டார்.

டிஸ்குக்கு ஒன்றுமில்லை. கடையில் வேலை முடித்ததும் வழக்கமாகச் செய்வதுபோல் என்விராம் நினைவகத்தை ரீசெட் செய்திருக்கிறார்கள். சாதாரண மேக்கில் அது தவறே இல்லை. ஆனால் எந்த பூட்லோடரை முதலில் எழுப்புவது என்ற குறிப்பும் அங்கேதான் இருக்கிறது. அது அழிந்ததால் கணினி ஓப்பன்கோரை விட்டுவிட்டு நேராக சோனோமாவை எழுப்பப் பார்த்தது. சோனோமா இந்த மாடலை மறுத்தது. ஆப்ஷன் விசையை அழுத்தி ஆன் செய்து, இஎஃப்ஐ பூட்டின் மேல் கன்ட்ரோல் விசையோடு என்டர் தட்டினால் அதுவே மீண்டும் இயல்பான தேர்வாகிவிடும். அரை நிமிட வேலை. ஆனால் நான் பக்கத்தில் இல்லாத ஒரு நாளில், இது தெரியாத ஒருவர் அந்தக் கணினியைப் பார்த்திருந்தால், டிஸ்கை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கக்கூடும். அன்றே இரண்டு படிகளையும் ஒரு அட்டையில் எழுதி லேப்டாப் பைக்குள் வைத்தேன்.

பாதுகாப்பைப் பற்றி

புதிய இயங்குதளம் போட்டதால் இந்தக் கணினி புதிய கணினி அளவுக்குப் பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆப்பிள் சோனோமாவைக் கவனிக்கும்வரை பிரவுசர், கர்னல், மின்னஞ்சல் ஓட்டைகளுக்குத் திருத்தம் வரும், அது பெரிய விஷயம். ஆனால் முத்திரை உடைந்திருக்கிறது, எஸ்ஐபி தளர்ந்திருக்கிறது, உள்ளே போட்ட கிராஃபிக்ஸ் டிரைவர் பல வருடம் பழையது. வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்கு ஆப்பிளிடமிருந்து இனி எதுவும் வராது. நிறுத்தப்பட்ட கேட்டலீனாவோடு ஒப்பிட்டால் இது கட்டாயம் மேல். இன்று கடையில் வாங்கும் கணினியோடு ஒப்பிட்டால் கீழ். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தே நிற்க வேண்டும்.

அதனால் அக்கா வங்கி வேலைகளை மொபைலில் மட்டும் செய்கிறார். தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப் எதையும் இந்தக் கணினியில் நிறுவுவதில்லை. இன்னொருவருடைய ரகசியத் தரவுகளைக் கையாளும் அலுவலகங்களுக்கு, மருத்துவமனைக் கணக்குப் பிரிவு போன்ற இடங்களுக்கு, இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன். அங்கே இழப்பு வேறொருவருடையது.

இன்னொரு கேள்வி, யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. இந்த மூன்று வருடத்தில் என் நேரம் மொத்தமாக நான்கைந்து நாள் போயிருக்கும். எனக்கு இந்த வேலை பிடிக்கும், அக்காவும் பொறுமையாகக் கற்றுக்கொண்டார். கடைசி மூன்று அப்டேட்டுகளை அவரே போட்டு, ரூட் பேட்ச்சும் அவரே செய்தார். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் ஆர்வக்கோளாறில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த அப்டேட்டில் அந்தக் கணினி பரணுக்குப் போய்விடும்.

இந்தப் பாதைக்கும் முடிவு தெரிகிறது. 2025 ஜூனில் ஆப்பிள், அந்த ஆண்டின் மேக்ஓஎஸ் பதிப்பான டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பின் வருபவை ஆப்பிள் சிப்புகளுக்கு மட்டும். இன்டெல் நிரலே இல்லாத இயங்குதளத்தை எந்த பேட்சராலும் ஐவி பிரிட்ஜில் ஓட்ட முடியாது. அக்காவிடம் இதைச் சொன்னேன். அப்போது என்ன செய்யலாம் என்று கேட்டார். லினக்ஸ் போடலாம், தமிழ்99 அதிலும் உண்டு என்றேன். லினக்ஸிலும் அந்த பிராட்காம் வைஃபை சிப்புக்கு ஃபர்ம்வேரைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும். லேன் கேபிள் மறுபடி தேவைப்படும். சோனோமா போட்ட அன்று இழுத்த கேபிளைச் சுருட்டி, 32 ஜிபி பென்டிரைவோடு சேர்த்து அதே பையில் வைத்திருக்கிறேன்.